டிஓஆரில் இல்லாதவர்கள்: நகரக் கொள்கை ஆலோசனை என்பது என்ன வேலை?

கேள்வி இது: “சிவில் படித்துவிட்டு ஐந்து வருடம் கட்டுமானத்தில் இருந்தேன். இப்போது நகரக் கொள்கை ஆலோசனை தரும் ஒரு நிறுவனத்தில் கூப்பிடுகிறார்கள். ‘எல்லோருக்குமான, நீடித்து நிற்கும் நகரங்கள்’ என்று அவர்கள் விளம்பரத்தில் இருக்கிறது. அறிக்கை எழுதிக் கொடுப்பதைத் தவிர இதில் என்ன வேலை? ஆலோசகர் சொல்லி எந்த நகரமாவது மாறியிருக்கிறதா?”

பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அறிக்கைதான் பெரும்பாலும் எழுதுகிறோம். அதை மறைத்துப் பயனில்லை. நான் எழுதியதில் பாதிக்கு மேல் யாருடைய அலமாரியிலோ தூங்குகிறது. ஆனால் ஆலோசகர் கைக்கு வருகிற காகிதங்களில் நகரத்தை நிஜமாகவே மாற்றக்கூடியது ஒன்று உண்டு. இறுதி அறிக்கையைவிட மிகச் சின்னது, பத்துப் பதினைந்து பக்கம், வேலை தொடங்கும் முன்பே எழுதப்பட்டுவிடும்.

அதற்குப் பெயர் டிஓஆர், அதாவது ‘டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்’. பணிவரையறை என்று தமிழில் எழுதலாம், ஆபீசில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. என்ன ஆராய வேண்டும், எந்தப் பகுதியில், யாரையெல்லாம் சந்திக்க வேண்டும், எத்தனை மாதம், எத்தனை தவணையில் பணம் எல்லாம் அதில்தான். தொடக்க அறிக்கைக்கு ஒரு தவணை, இடைக்கால அறிக்கைக்கு ஒன்று, வரைவுக்கு ஒன்று, இறுதிக்கு மிச்சம். நகராட்சி ஒரு பிரச்சினையை எப்படிப் பார்க்கிறதோ அது அந்தத் தாளில் உறைந்துவிடும். “போக்குவரத்து நெரிசலைக் குறைக்க” என்று எழுதியிருந்தால் வண்டியில் போகிறவர்தான் கணக்கில் வருவார். நடந்து போகிறவருக்கு நெரிசல் கிடையாதே. “திடக்கழிவை நவீன முறையில் அகற்ற” என்று இருந்தால் குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர் இடைஞ்சல் ஆகிவிடுவார்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் இதுதான் நடந்தது. 2002-இல் குப்பை அள்ளும் சேவைக்கு டெண்டர் விட்டார்கள். பெரிய நிறுவனங்களால் மட்டுமே கலந்துகொள்ள முடிகிற நிபந்தனைகள். அட்டையும் பிளாஸ்டிக்கும் உலோகமும் பிரித்தெடுத்து விற்றுப் பல பத்தாண்டுகளாக அந்த நகரத்தின் மறுசுழற்சியைத் தாங்களே செய்துவந்த ஆயிரக்கணக்கானோர் அந்த நிபந்தனைகளால் வாசலிலேயே நின்றுபோனார்கள். யாரும் அவர்களை விரட்ட வேண்டும் என்று எழுதவில்லை. அவர்கள் இருக்கிறார்கள் என்றே எழுதவில்லை, அவ்வளவுதான். அவர்களுடைய சங்கம் கோர்ட்டுக்குப் போனது. அந்த டெண்டர் அவர்களுடைய உரிமையை மீறியது என்று கொலம்பியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2003-இல் சொன்னது. அப்படியும் அடங்கவில்லை, 2011-இல் இன்னொரு டெண்டரை அதே நீதிமன்றம் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. 2013-இல்தான், மீட்டெடுத்துக் கொடுத்த பொருளுக்குக் கிலோ கணக்கில் நகரம் அவர்களுக்குப் பணம் தர ஆரம்பித்தது. ஒரு டெண்டர் ஷரத்தில் விட்டுப்போனதைச் சரிசெய்யப் பத்து வருடம்.

டெண்டர் வரைவு மேஜையில் இருந்தபோதே யாராவது ஒருவர், “இப்போது இந்த வேலையை யார் செய்கிறார்கள்?” என்று கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம் என்று நினைக்கிறேன். டிஓஆரை வேதம்போல் எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுதித் தருகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். தொடக்க அறிக்கையிலேயே “உங்கள் பட்டியலில் இவர்கள் விட்டுப்போயிருக்கிறார்கள், சேர்த்தால் இவ்வளவு கூடுதல் நாள் ஆகும்” என்று எழுதுகிறவர்கள் குறைவு. ஒப்பந்தப்படியே அதற்கு இடம் உண்டு. அணுகுமுறையைத் திருத்தித் தரச்சொல்லித்தான் அந்த முதல் அறிக்கையைக் கேட்கிறார்கள். பெரும்பாலோர் அதில் டிஓஆரையே வேறு வார்த்தைகளில் திருப்பி எழுதித் தவணையை வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது எண்ணுவது. இதில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைரோபியின் கிபேரா குடியிருப்பில் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று பல வருடம் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2009-ஆம் ஆண்டு கென்ய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த எண் ஏறத்தாழ 1,70,000. கணக்கெடுப்பு குறைத்துவிட்டது என்று வாதாடியவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு குழாய்த் திட்டத்துக்கு இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் சிவில். தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவிலிருந்து கழிப்பறை எண்ணிக்கை வரை எல்லாமே அந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மும்பையில் நடைபாதைவாசிகளை அதுவரை அரசு குடிசைவாசிகள் பட்டியலில் சேர்த்ததில்லை. 1985-இல் நடைபாதைகளைக் காலி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த வருடம், ஸ்பார்க் என்ற அமைப்பு அந்த மக்களோடு சேர்ந்தே அவர்களைக் கணக்கெடுத்தது. எங்கிருந்து வந்தார்கள், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், என்ன வேலை, அந்த இடத்திலிருந்து வேலைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். ‘நேற்று வந்து படுத்தவர்கள்’ என்ற பேச்சுக்கு முன்னால் வைக்க ஒரு காகிதம் கிடைத்தது. அந்த வழக்கம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. குடிசைவாசிகளே தங்களை எண்ணி, வரைபடம் போட்டு, நகராட்சியோடு பேச உட்காருகிறார்கள். ஆலோசகர் கையில் லேப்டாப் இருப்பதைவிட அவர்கள் கையில் அந்தப் பட்டியல் இருப்பது பலம்.

என் சொந்தத் தவறு ஒன்று சொல்கிறேன். ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், அதற்காக எத்தனை குடும்பம் இடம் மாற வேண்டியிருக்கும் என்று சர்வே. பையன்களை அனுப்பினேன். காலை பத்து மணிக்குப் போய் நாலு மணிக்குத் திரும்பினார்கள். கதவு பூட்டியிருந்த வீடுகளுக்கு நேராகப் ‘பூட்டு’ என்று எழுதினார்கள். அந்தத் தாள் எக்செல் ஆனபோது ‘பூட்டு’ என்பது ‘ஆளில்லை’ ஆகிவிட்டது. யார் மாற்றினார்கள் என்று கேட்காதீர்கள், நான்தான். கூட்டத்தில் அந்த எண்ணிக்கையைக் காட்டியபோது பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, “நாங்க அஞ்சு மணிக்கே வேலைக்குப் போயிருவோம் சார், ராத்திரி வாங்க” என்றார். போனேன். ஒன்பது மணிக்கு அந்தச் சந்தில் பூட்டிய வீடு என்று நான் கணக்கெழுதிய அத்தனை வீட்டிலும் விளக்கு எரிந்தது. ஒரு வீட்டில் இரண்டு குடும்பம்.

இதில் ஆபத்து எங்கே என்றால், மறுகுடியமர்வு விதிகளில் ‘கட்-ஆஃப் தேதி’ என்று ஒன்று உண்டு, கணக்கெடுப்போடு சேர்த்துக் குறிக்கிற கடைசித் தேதி. உலக வங்கியின் சுற்றுச்சூழல், சமூகக் கட்டமைப்பு 2018 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் ஐந்தாவது தர நிர்ணயம் நிலத்தையும் மறுகுடியமர்வையும் பற்றியது. பட்டா இல்லாதவருக்கும் உதவி தர வேண்டும் என்று சொல்லும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் கட்-ஆஃப் தேதிக்குப் பிறகு வந்து குடியேறியவருக்கு உரிமை இல்லை. கணக்கெடுப்பில் விட்டுப்போனவர், தான் அந்தத் தேதிக்கு முன்பே அங்கிருந்தவர் என்று தானே நிரூபிக்க வேண்டும். விடியற்காலை வேலைக்குப் போனதற்குத் தண்டனை. நல்ல வேளை, அந்த அம்மா கூட்டத்துக்கு வந்திருந்தார்; அதுவும் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால். வேலைநாளில் பதினோரு மணிக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கும் அலுவலகங்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை இங்கே எழுதவில்லை.

சர்வே படிவத்தில் என்ன கேட்கிறோம் என்பதும் இப்படித்தான். “வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி வைத்தால், வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீசிலிருந்து வீடு என்று நேர்கோடாக ஒரு பதில் வரும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மருந்துக்கடைக்குப் போய், மாமியாரை ஆஸ்பத்திரியில் காட்டி, காய் வாங்கி வருகிறவருடைய நாலு துண்டுப் பயணம் அதில் விழாது. அப்புறம் அந்தத் தரவை வைத்து நேர்கோட்டில் மெட்ரோ போடுவார்கள். வியன்னா நகராட்சி 1990-களில் இதை உடைத்துப் பார்த்தது. பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது வயதுக்குமேல் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதைக் கண்டார்கள். பெரிய ஒற்றை மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் காரணம். 1999-லிருந்து இரண்டு பூங்காக்களில் இடத்தைப் பிரித்து, கூடுதல் நடைபாதை வைத்து, வாலிபால், பேட்மின்டன் போடச் செய்தார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பெரிய செலவில்லை, ஆனால் எண்ணாமல் இருந்திருந்தால் அப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரிந்திருக்காது.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11-ஆவது நகரங்களுக்கானது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொதுப் போக்குவரத்து எத்தனை பேருக்கு எட்டுகிறது என்று அளக்க, பஸ் நிறுத்தத்துக்கு 500 மீட்டர், ரயில் போன்றவற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் எல்லோரும் செய்வது, வரைபடத்தில் நிறுத்தத்தைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே வருகிறவர்களை எண்ணிவிடுவது. நடுவே தண்டவாளம் போகிறதா, சுற்றுச்சுவர் இருக்கிறதா, கால்வாய்க்குப் பாலம் எங்கே என்று வட்டத்துக்குத் தெரியாது. தெருவழியே அளந்தால் பல பேர் வெளியே போய்விடுவார்கள். ஊன்றுகோலோடு ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு நடந்தால் இன்னும் சில பேர். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம்தான், தெருவழித் தூரம் அதிலேயே கணக்கிடலாம். ஒரு நாள் கூடுதல் வேலை.

‘எல்லோருக்குமான’, ‘நீடித்து நிற்கும்’ என்ற இரண்டு சொல்லையும் விளம்பரத்தில் ஒட்டிப் போட்டிருக்கிறார்கள் இல்லையா, அவை இரண்டும் அடிக்கடி சண்டை போடும். சியோல் நகரத்தின் சொங்கேசொன் ஓடையை எல்லாக் கருத்தரங்கிலும் காட்டுவார்கள். மேம்பாலத்தை இடித்து, மூடிக்கிடந்த ஓடையை ஏறத்தாழ 5.8 கிலோமீட்டருக்குத் திறந்து 2005-இல் மக்களுக்குக் கொடுத்தார்கள். கோடையில் அந்தக் கரை சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சி. நானும் படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனவன்தான். ஆனால் ஓடையில் ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றுவது, நாள்தோறும் லட்சம் டன்னுக்கு மேல். மின்சாரம் நின்றால் ஓடையும் நின்றுவிடும். அந்த மேம்பாலத்தின் கீழே கடை போட்டிருந்த தெரு வியாபாரிகளில் பலரைத் தொங்தெமுன் ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். சில வருடத்தில் ஸ்டேடியத்தையும் இடித்து ஒரு வடிவமைப்பு மையம் கட்டினார்கள். மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் பழைய ரயில் பாதையை உயரப் பூங்காவாக்கி 2009-இல் திறந்த ஹைலைனிலும் இதே கதை வேறு உருவத்தில். பக்கத்திலேயே பொதுக் குடியிருப்புகள் இருந்தும் அங்கே இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்று அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்டே 2017-இல் ஒப்புக்கொண்டார்.

பசுமைத் திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூங்கா வந்தால் பக்கத்து வாடகை ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் வாடகைதாரருக்கான பாதுகாப்பைப் பூங்கா வரைபடம் முடிந்த பிறகு ‘இரண்டாம் கட்டம்’ என்று தள்ளினால், இரண்டாம் கட்டம் வரும்போது பாதுகாக்க ஆள் இருக்கமாட்டார்கள்.

ஆலோசகர் சொல்லி நகரம் மாறியதா என்று கேட்டீர்கள். கெட்டதற்கும் மாறியிருக்கிறது. காப்பியடிப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். கொலம்பியாவின் மெடயின் நகரம் 2004-இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் விட்டது. உலகம் முழுக்க ஆலோசகர்களின் பவர்பாயின்ட்டில் அந்தப் படம் ஏறியது. ரியோ டி ஜெனிரோவின் அலெமாவ் பகுதியில் 2011-இல் அதேபோல் ஒன்று திறந்தார்கள். ஆறு நிலையம், மூன்றரைக் கிலோமீட்டர். பார்க்க அச்சாக அதுவேதான். 2016-இல் நின்றது. இயக்குகிறவர்களுக்குத் தர வேண்டிய பணத்தை மாநில அரசு தரவில்லை. கேபிள் காருக்கு முன்னால் எங்களுக்குச் சாக்கடை வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

படத்தில் விழாதது என்ன? மெடயினில் கேபிள் கார், 1995-லிருந்து ஓடுகிற மெட்ரோவின் ஒரு கிளை. அதே நிறுவனம் இயக்கியது, மெட்ரோவுக்கு அப்படியே மாறிக்கொள்ளலாம். கம்பிக்குக் கீழே நடைபாதை, பாலம், பள்ளி, நூலகம் என்று சேர்த்துச் செய்தார்கள். முக்கியமாக, மின்சாரமும் தண்ணீரும் தருகிற ஈபிஎம் என்ற நிறுவனம் நகராட்சிக்கே சொந்தம். அதன் லாபத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் நகரக் கருவூலத்துக்கு வரும். அந்தப் பணம் இல்லாத ஊருக்குக் கேபிள் காரை மட்டும் சிபாரிசு செய்வது, ஆளில்லாத வீட்டுக்கு யானை வாங்கித் தருவது. மெடயினும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை; மலைமேல் கட்டிய புகழ்பெற்ற எஸ்பான்யா நூலகம் கட்டுமானக் கோளாறால் பல வருடம் மூடிக் கிடந்தது. அந்தப் படம் மட்டும் எந்தப் பவர்பாயின்ட்டிலும் வருவதில்லை.

நல்லதற்கு மாறிய உதாரணமாக நான் ஸ்டாக்ஹோமைச் சொல்வேன். நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம். மக்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அறிக்கை மேல் அறிக்கை எழுதி நிரூபிக்காமல், ஏழு மாதம் நடத்திப் பார்ப்போம், பிறகு நீங்களே ஓட்டுப் போடுங்கள் என்றார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனை. அதற்குப் பல மாதம் முன்பே, 2005 ஆகஸ்டிலேயே, கூடுதல் பஸ்களை விட்டுவிட்டார்கள். என் கணக்கில் அந்த வரிசைதான் சூட்சுமம்: காரை நிறுத்தச் சொல்வதற்கு முன் பஸ் வந்து நின்றது. எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கண்ணால் பார்க்க முடிந்தது. செப்டம்பர் வாக்கெடுப்பில் நகரத்துக்குள் சிறு வித்தியாசத்தில் ஆதரவு, சுற்றியிருந்த பல நகராட்சிகளில் எதிர்ப்பு. 2007 ஆகஸ்டில் நிரந்தரமானது. காலையில் புறநகரிலிருந்து காரில் வருகிறவருடைய எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கும் பஸ் இருந்தது.

இனி உங்கள் வேலை விஷயம். சிவில் என்பது இங்கே குறை இல்லை, வரம். கொள்கை பேசுகிறவர்களில் பலருக்கு ஒரு கழிவுநீர்க் குழாய்க்கு எவ்வளவு சரிவு வேண்டும் என்று தெரியாது. புதிதாகக் கற்க வேண்டியது நகராட்சி பட்ஜெட் படிக்க. மூலதனச் செலவு எங்கே, பராமரிப்பு எங்கே, பராமரிப்புத் தலைப்பில் போன வருடம் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று பாருங்கள். எந்த நகரத்தின் மெய்யான கொள்கையும் அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில் தெரிந்துவிடும். நிலச் சட்டமும் டெண்டர் விதியும் போகப்போக வரும். பணம் தருகிறவர்தான் வாடிக்கையாளர், அவருக்குப் பிடிக்காததைச் சொல்வது எப்படி என்பதற்குப் பாடப்புத்தகம் இல்லை. நான் கண்ட வழி, பிடிக்காததை இறுதி அறிக்கையில் திடீரென்று போடாமல், இரண்டாவது வாரத்திலேயே நேரில் போய்ச் சொல்லிவிடுவது.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் முடித்த ஒரு வேலையைச் சொல்லச் சொல்லி, அது இப்போது ஓடுகிறதா, யார் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். தாங்கள் சிபாரிசு செய்த திட்டத்தின் கட்டுமான ஒப்பந்தத்தைத் தங்கள் குழும நிறுவனமே எடுத்ததுண்டா என்றும் கேளுங்கள். வளர்ச்சி வங்கிகளின் விதிகள் அதைத் தடுக்கின்றன. எல்லா வேலையும் அவர்கள் பணத்தில் நடப்பதில்லை. முதல் கேள்விக்கு ஒருவராவது, “நின்றுவிட்டது, காரணம் இது” என்று நேராகச் சொன்னால் சேருங்கள்.

சேர்ந்த பிறகு வெயிலில் நிற்பது கட்டுமானத்தைவிடக் குறையும். ஆனால் வடிகால் திட்டம் எதையாவது உங்கள் கையில் கொடுத்தால், ஒரு தடவையாவது மழை பெய்யும்போது அந்தத் தெருவுக்குப் போய்விட்டு வாருங்கள். உங்களுக்குத் தரப்போகிற வரைபடத்தை யாரோ வெயில் நாளில் போட்டிருப்பார்கள்.